பூச்சிக்கு மார்க் போட்டு விட்டு அது எவ்ளோ தூரம் போகுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

"இந்தப் பூச்சி பக்கத்து வயல்ல இருந்துதான் வந்துச்சு"ன்னு சொல்லாத ஆளே கிடையாது, பறந்து வந்தத கண்ணால பாத்தீங்களான்னு கேட்டா மட்டும் பதில் வராது. வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அந்துப்பூச்சி பறக்குறதே இருட்டுல, இதுல யாரு எங்க இருந்து எப்படிப் பாக்குறது. அதனாலதான் மார்க் போடுற வேலையே. பூச்சிமேல ஏதாவது ஒரு அடையாளத்த வெச்சு விட்டுட்டு, அங்கங்க ட்ராப் வெச்சு, எந்த ட்ராப்ல அந்த அடையாளம் வருதுன்னு பாக்குறது. கேக்க ஈஸியா இருக்கும். மார்க் போடுறது உண்மையிலேயே ஈஸிதான். ஆனா அந்த மார்க் பூச்சிய மாத்திடாம, தானா வேற எங்கயும் ஒட்டிக்காம, நம்மள ஏமாத்தாம பாத்துக்கணும் பாருங்க, முக்கால்வாசி உழைப்பு அதுக்குத்தான் போகும்.

முதல்ல உங்க கேள்வி என்னன்னு முடிவு பண்ணுங்க

பவுடர் வாங்கிட்டு வந்து அப்புறம் யோசிக்கிறவங்கதான் ஜாஸ்தி, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். எவ்ளோ தூரம் போகுதுங்கிறது ஒரு கேள்வி. எந்தப் பயிர்ல இருந்து எந்தப் பயிருக்கு மாறுதுங்கிறது இன்னொண்ணு. மொத்தம் எத்தன பூச்சி இருக்குங்கிறது மூணாவது, ஒரு தனிப் பூச்சி நாளுக்கு நாள் என்ன பண்ணுதுங்கிறது நாலாவது. தூரம் மட்டும்தான் வேணும்னா எல்லாத்துக்கும் ஒரே கலர் பவுடர் போதும். ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியா தெரிஞ்சுக்கணும்னா நம்பர் வேணும், அதுக்கு பூச்சி பெருசா இருக்கணும். பயிர் மாறுறத பாக்கணும்னா புடிச்சு விடுறதே வேஸ்ட், வயல்ல இருக்குற பூச்சிய இருக்குற எடத்துலயே மார்க் பண்ற வழி இருக்கு, அத கீழ சொல்றேன்.

ஃப்ளோரசன்ட் பவுடர்

ரொம்பப் பேரு பண்றது இதுதான். பெயின்ட், பிளாஸ்டிக்குக்கெல்லாம் கலர் குடுக்குற அதே ஃப்ளோரசன்ட் பிக்மென்ட் பவுடர், மாவு மாதிரி நைஸா இருக்கும், யூவி லைட் (புற ஊதா வெளிச்சம்) அடிச்சா பளிச்சுன்னு மின்னும். வெள்ளை ஈ, இலைப்பேன், அசுவினி, சின்ன வண்டு, அந்துப்பூச்சி எதுக்கும் ஒத்துவரும், விலையும் கம்மி.

எவ்ளோ போடணும்னா, நீங்க நெனைக்கிறதுல பத்துல ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்கு பூச்சி கலரா தெரிஞ்சாலே ஓவரா போட்டுட்டீங்கன்னு அர்த்தம். பவுடர் ஜாஸ்தியானா கண்ணு, உணர்கொம்பு, மூச்சு விடுற ஓட்டை எல்லாத்துலயும் அடைச்சுக்கும், பூச்சி பறக்காம உக்காந்து கால தேச்சு தேச்சு சுத்தம் பண்ணிக்கிட்டே கெடக்கும், பாதி செத்தும் போயிடும். நான் பண்றது இப்படி: ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜார் எடுத்து பவுடர ஒரு சிட்டிகை மட்டும் போட்டு மூடிய போட்டு நல்லா குலுக்கணும், அப்புறம் கவுத்து தட்டி பவுடரையெல்லாம் வெளிய கொட்டிடணும், ஜாரோட சுவத்துல ஒட்டியிருக்குற படலம் மட்டும் போதும், அதுக்குள்ள பூச்சிய விட்டு மெதுவா ரெண்டு மூணு சுத்து உருட்டுனா முடிஞ்சுது. அந்துப்பூச்சிய இப்படி உருட்டாதீங்க, செதில் உதிர்ந்துடும். அதுக்கு கூண்டுக்குள்ள ஒரு சின்ன ரப்பர் பல்புல பவுடர எடுத்து தூரத்துல இருந்து ஒரே ஒரு பஃப் அடிச்சா போதும்.

அப்புறம் ஒரு ரெண்டு மணி நேரமாவது காத்தோட்டமான கூண்டுல விட்டு வைங்க. தேவையில்லாதத அதுவே தட்டி விட்டுடும், மடிப்புலயும் மயிர்க்கால்லயும் கழுத்துப் பக்கத்துலயும் ஒட்டுனது மட்டும் நிக்கும். நமக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

கலர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. டப்பால பாக்கும்போது ஏழெட்டு கலர் இருக்கும், ஆனா யூவி வெளிச்சத்துல நாலஞ்சு பொட்டு மட்டும் ஒட்டியிருக்குற பூச்சில மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சொல்றது கஷ்டம், ஆரஞ்சும் பிங்க்கும் அதே கதைதான். ரெண்டு தடவை ரிலீஸ் பண்றீங்கன்னா பிங்க்கும் பச்சையும் மாதிரி தூரமா இருக்குற ஜோடிய எடுங்க. நீலம் வேண்டவே வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஏன்னா சோப்புத்தூள்ல துணி வெள்ளையா தெரியறதுக்கு சேக்குற பொருள் யூவில நீலமா மின்னும், உங்க சட்டையில இருந்து விழுற ஒரு நூலு கூட மார்க் போட்ட பூச்சி மாதிரி கண்ண ஏமாத்தும். யூவி டார்ச் 365 நானோமீட்டர் (அதோட ஒளி அலைநீளம்) போட்டதா வாங்குங்க, 395 போட்டதுல ஊதா வெளிச்சமே ஜாஸ்தியா வந்து மங்கலான பொட்டையெல்லாம் மறைச்சுடும். யூவிக்கு தகுந்த கண்ணாடியும் பவுடர் கையாளும்போது மாஸ்க்கும் போட்டுக்கங்க, இந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்ல.

அமெரிக்காவுல அரிசோனால 1990கள்ல முலாம்பழ வயல்ல இருந்த வெள்ளை ஈக்கு இப்படி பவுடர் போட்டு பாத்தாங்க. வயலுக்குள்ள இருந்த பூச்சிமேலயே பவுடர அடிச்சுட்டு சுத்தி தூரம் தூரமா ட்ராப் வெச்சாங்க, 2.7 கிலோமீட்டர் வரைக்கும் மார்க் போட்ட ஈ கெடச்சுது. அதவிட சுவாரசியம் என்னன்னா எண்ணிக்கை தூரம் போகப்போக சீரா குறையல, வயலுக்குப் பக்கத்துல நெறைய, அப்புறம் கம்மி, திரும்ப ரெண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு குவியல். அதாவது ஒரே வயல்ல ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க, பக்கத்து செடிக்கு தாவுற கூட்டம் ஒண்ணு, மேல எழும்பி காத்தோட கெளம்பிப் போற கூட்டம் ஒண்ணு. நூறு மீட்டரோட ட்ராப்ப நிறுத்தியிருந்தா ரெண்டாவது கூட்டம் இருக்கறதே தெரிஞ்சிருக்காது.

பெயின்ட்டும் நம்பரும்

வண்டு, கூன்வண்டு, நாவாய்ப்பூச்சி மாதிரி மேல ஓடு இருக்குற பூச்சின்னா பெயின்ட் மார்க்கர் பேனா போதும். முதுகுல, தலைக்கு அடுத்த கெட்டியான பகுதில ஒரு பொட்டு. இறக்கை சேர்ற எடத்துல கோடு விழுந்துச்சுன்னா ரெண்டு ஓடும் ஒட்டிக்கும், அப்புறம் அது பறக்கவே பறக்காது, நீங்களும் "இந்த வண்டு தூரமே போகல"ன்னு எழுதி வெச்சுருவீங்க. பேனாவ நேரா பூச்சிமேல அழுத்தாம ஒரு குண்டூசி முனையிலயோ புல்லுக் குச்சிலயோ பெயின்ட்ட தொட்டு வைக்கிறது எனக்கு சரியா வருது.

தனித்தனி நம்பர் வேணும்னா எழுத்தெல்லாம் எழுதத் தேவையில்ல, ஒரு பழைய தந்திரம் இருக்கு. இடது மேல் பொட்டுக்கு 1, இடது கீழ் பொட்டுக்கு 2, வலது மேல் 4, வலது கீழ் 7ன்னு வெச்சுக்கங்க. 3 வேணும்னா 1லயும் 2லயும் பொட்டு, 6க்கு 4ம் 2ம், 9க்கு 7ம் 2ம். ரெண்டு பொட்டுக்கு மேல போகாம 1ல இருந்து 9 வரைக்கும் எழுதிடலாம், பத்தாம் இடத்துக்கு வேற கலர்ல இதே கணக்கு. குளிர வெச்சு அசையாம பண்ணிட்டு போடுங்க, ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு டிகிரில கொஞ்ச நேரம் வெச்சா போதும். கார்பன் டை ஆக்சைடு குடுத்து மயக்கினா வேலை சீக்கிரம் முடியும், ஆனா சில பூச்சிக்கு அதுக்கப்புறம் நடத்தையே மாறிடும்.

கூட்டுப்புழுலயும் தீனிலயும் மார்க்

புடிச்ச பூச்சிய தொடாமலே மார்க் பண்ண முடியும்னா அதுதான் பெஸ்ட். பழ ஈல இது ரொம்ப அழகா வேலை செய்யும். கூட்டுப்புழுவ ஃப்ளோரசன்ட் பவுடரோட கலந்து வைப்பாங்க, ஒரு லிட்டர் கூட்டுப்புழுவுக்கு ஒன்றரை ரெண்டு கிராம் அளவு. ஈ வெளிய வரும்போது நெத்தில ஒரு பை பலூன் மாதிரி உப்பும், அத வெச்சுத்தான் கூட்டோட மூடிய தள்ளித் திறக்கும். அந்த ஈரமான பைல பவுடர் ஒட்டிக்கும், வேலை முடிஞ்சதும் பை சுருங்கி தலைக்குள்ள போயிடும், பவுடரும் அதோட உள்ள போய் மாட்டிக்கும். ஒடம்புமேல இருந்ததெல்லாம் தேச்சு போனாலும் தலைக்குள்ள இருக்குறது சாகுற வரைக்கும் இருக்கும். ட்ராப்ல வந்த ஈயோட முகத்த யூவில பாக்குறது, ஒண்ணும் தெரியலன்னா தலைய நசுக்கிப் பாக்குறது. மலட்டு ஈ விடுற திட்டங்கள்ல (பூச்சி பெருகாம இருக்க இனப்பெருக்கம் பண்ண முடியாத ஈய வளத்து விடுறது) இது நாங்க விட்டதா காட்டு ஈயான்னு பிரிக்கிறது இப்படித்தான்.

புழுவ செயற்கைத் தீனில வளக்குறீங்கன்னா தீனிலயே எண்ணெய்ல கரையுற சிவப்புச் சாயம் கலக்கலாம். அது கொழுப்புல போய் தங்கி அந்துப்பூச்சியாகுறப்பவும் இருக்கும், வயித்த வெள்ளை பேப்பர்ல நசுக்கினா சிவப்பா கறை தெரியும். பருத்தில வர்ற இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்கு கலிஃபோர்னியாவுல 1960களோட கடைசில இருந்து மலட்டு அந்துப்பூச்சி விட்டாங்க, அங்க காட்டுப் பூச்சியையும் விட்ட பூச்சியையும் பிரிச்சுக் காட்டுனது இந்த சிவப்புதான், 2018ல அமெரிக்கா அந்தப் பூச்சிய பருத்தி வயல்ல இருந்து ஒழிச்சாச்சுன்னே அறிவிச்சுது. சாயம் கொஞ்சம் கூடினா புழு வளர்ச்சி மந்தமாகும், அதனால கம்மில இருந்து ஆரம்பிச்சு ஏத்துங்க.

முட்டை வெள்ளையும் பாலும்

சிரிக்காதீங்க, நெஜமாதான். 2000களோட நடுவுல இருந்து இது பெரிய அளவுல புழக்கத்துக்கு வந்துச்சு. வயல்லயே பத்து சதவீத முட்டை வெள்ளைக் கரைசலோ இருபது சதவீத பசும்பாலோ ஸ்ப்ரே பண்றது, அந்தச் செடில இருக்குற, நடக்குற, உக்கார்ற பூச்சி எல்லாத்துமேலயும் புரோட்டீன் ஒட்டிக்கும். அப்புறம் சுத்துப்பட்டுல பூச்சிய புடிச்சு எலைசாங்கிற லேப் டெஸ்ட்ல (குறிப்பிட்ட புரோட்டீன் இருக்கான்னு காட்டுறது) முட்டைப் புரோட்டீன் இருக்கா பால் புரோட்டீன் இருக்கான்னு பாக்குறது. பூச்சிய புடிக்கவும் வேண்டாம் வளக்கவும் வேண்டாம் விடவும் வேண்டாம், லட்சக்கணக்குல இருக்குற பூச்சி இருக்குற எடத்துலயே மார்க் ஆயிடும். ஒரு வயலுக்கு முட்டை, பக்கத்து வயலுக்கு பால், மூணாவதுக்கு சோயா பால் அடிச்சீங்கன்னா எது எங்க இருந்து வந்துச்சுன்னு பிரிச்சே சொல்லலாம், ரெண்டும் இருந்தா ரெண்டு வயலுக்கும் போய்ட்டு வந்திருக்கு. முட்டைக்கான டெஸ்ட் மத்த ரெண்டையும்விட கூர்மையானது, அதனால முக்கியமான வயலுக்கு முட்டைய வைங்க.

இதுல தப்பு நடக்குறதெல்லாம் பூச்சிய எடுக்குற எடத்துலதான். வலை வீசி மொத்தமா ஒரே பைல அள்ளிட்டு வந்தீங்கன்னா ஒண்ணுமேல இருக்குறது இன்னொண்ணுமேல ஒட்டி எல்லாமே மார்க் போட்ட பூச்சியாயிடும். ஒட்டும் அட்டையில இருந்து ஒவ்வொரு பூச்சியையும் புதுசா ஒரு பல்குத்தும் குச்சியால எடுத்து தனி ட்யூப்ல போட்டு உடனே ஃப்ரீசர்ல வைங்க, ஒரு குச்சிக்கு ஒரு பூச்சி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. லேப்ல ட்யூப்புல ஒரு மில்லிலிட்டர் பஃபர் கரைசல் ஊத்தி ஊற வெச்சு அதுல இருந்து கொஞ்சம் எடுத்து 96 குழி தட்டுல டெஸ்ட் போடுவாங்க. ஸ்ப்ரே அடிக்காத ஏதோ ஒரு எடத்துல புடிச்ச அதே இனப் பூச்சி கண்டிப்பா கூட வேணும், அதுங்களோட சராசரி ரீடிங் கூட, ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட (ரீடிங் எவ்ளோ சிதறிக் கெடக்குன்னு சொல்ற அளவு) மூணு மடங்க கூட்டுனா வர்ற நம்பர்தான் எல்லை, அதுக்கு மேல இருந்தாத்தான் மார்க். மழை பெஞ்சாலோ மேல இருந்து தண்ணி தெளிக்கிற பாசனமோ இருந்தா இந்த வழி சரிப்படாது. அறுவடை நெருங்குற, நேரா சாப்பிடுற பயிர்லயும் அடிக்காதீங்க, முட்டை பால் சோயா மூணுமே அலர்ஜி குடுக்குற சாமான்.

நாம போடாத மார்க்

சில நேரம் பூச்சியே அடையாளத்தோட வரும். மக்காச்சோளம், சோளம் மாதிரி சி4 பயிர்ல வளந்த புழுவுக்கும் பருத்தி மாதிரி சி3 பயிர்ல வளந்ததுக்கும் ஒடம்புல கார்பன் ஐசோடோப் (எடை மட்டும் வேறுபடுற கார்பன் ரகம்) விகிதம் வேற வேற, சி3, சி4ங்கிறது செடி காத்துல இருந்து கார்பன எடுக்குற ரெண்டு விதம். பச்சைக் காய்ப்புழுவோட அந்துப்பூச்சி இறக்கைல அத அளந்தா அது எந்த வகைப் பயிர்ல வளந்துச்சுன்னு தெரிஞ்சுடும். அந்துப்பூச்சியோட உறிஞ்சுகுழல்ல ஒட்டியிருக்குற மகரந்தத்த மைக்ராஸ்கோப்ல பாத்து எந்த ஊர்ல பூக்குற செடின்னு கண்டுபிடிக்கிறதும் உண்டு. ருபீடியம் உப்ப செடில தெளிச்சு பூச்சி ஒடம்புல தேடுற முறையும் இருக்கு, ஆனா அளக்குற மெஷின் செலவு கூட, பூச்சி வேற செடிக்கு மாறி சாப்பிட ஆரம்பிச்சதும் கரைஞ்சு போயிடும். ரேடார் டேக், ரேடியோ டேக் எல்லாம் பெரிய பூச்சிக்குத்தான், டேக் எடை பூச்சி எடையில 5 சதவீதத்த தாண்டாம இருக்கணும்னு பொதுவா சொல்வாங்க, நெல்லுல சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சியான புகையானுக்கு அதப் பத்தி பேசவே வேண்டாம்.

விடறதுக்கு முன்னாடி கூண்டு டெஸ்ட்

இத ஸ்கிப் பண்ணிட்டு நேரா வயலுக்கு போறவங்கள பாத்தா எனக்கு கோவமே வரும். மார்க் போட்டது ஐம்பது, போடாதது ஐம்பது, ரெண்டையும் ஒரே மாதிரி புடிச்சு ஒரே மாதிரி குளிர வெச்சு ஒரே மாதிரி உருட்டி (போடாதத காலி ஜார்ல உருட்டணும்) தனித்தனி கூண்டுல வெச்சு தினமும் செத்தத எண்ணுங்க. மூணு நாலு கூண்டாவது வைங்க, ஒத்தக் கூண்டுல எறும்பு பூந்தா எல்லாம் போச்சு. கூடவே ரெண்டு விஷயம் பாக்கணும். மார்க் எத்தன நாள் நிக்குது, பத்தாவது நாள்ல எத்தன பூச்சில இன்னும் தெரியுது. இன்னொண்ணு, மார்க் போட்ட பத்தையும் போடாத பத்தையும் ஒரே கூண்டுல விட்டு ரெண்டு நாள் கழிச்சு போடாததுமேல எத்தனைக்கு ஒட்டியிருக்குன்னு பாருங்க. எது எதுன்னு அடையாளம் தெரியணுமே, அதுக்கு போடாததுக்கு முன்னாடியே ஒரு காலோட நுனிய கத்தரிச்சு விட்டுடலாம், இல்லன்னா ஆண்ல மட்டும் மார்க் போட்டு பெண்ணுல தேடலாம். புணர்ச்சி நேரத்துல பவுடர் நல்லா இடம் மாறும்.

பறக்குதான்னும் பாருங்க. ஒரு தட்டுல வெச்சு பத்து நிமிஷத்துல எத்தன எழும்பிப் போகுது, எத்தன விளிம்புல நின்னு யோசிக்குது, அவ்ளோதான் டெஸ்ட்.

விடுறது

புடிச்சு குலுக்கி உருட்டி மூடிய திறந்து கொட்டினா பூச்சி பயந்து தாறுமாறா பறக்கும், அந்த முதல் ஓட்டம் அதோட இயல்பான நடமாட்டம் இல்ல, உங்க கணக்குல மட்டும் தூரம் கூடிடும். அதனால கூண்ட வயல்ல நிழலான எடத்துல, பூச்சி சும்மா இருக்குற நேரத்துல கொண்டு போய் வெச்சு, மூடிய திறந்துட்டு நகந்துடுங்க, அதுவா கெளம்பட்டும். ராத்திரிப் பூச்சின்னா சாயங்காலம், பகல் பூச்சின்னா விடியக்காலை. கூண்டோட கால்ல கிரீஸ் தடவுங்க எறும்பு ஏறாம. மறுநாள் போய் உள்ள செத்தது, பறக்காம உக்காந்திருக்குறது எல்லாத்தையும் எண்ணி மொத்தத்துல கழிக்கணும், ஆயிரம் கொண்டு போனீங்கன்னா ஆயிரம் விட்டதா அர்த்தம் இல்ல. காத்து எந்தப் பக்கம், எவ்ளோ வேகம், வெப்பம் எவ்ளோன்னு அங்கயே நின்னு எழுதுங்க. எத்தன விடணும்னு கேட்டா, திரும்பக் கெடைக்கிறது பல நேரம் நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான், அதுக்கும் கீழயும் போகும், அதனால நூறு இருநூறு விட்டுட்டு உக்காந்திருக்காதீங்க.

ட்ராப் எங்க வைக்கிறது, கணக்கு எங்க தப்பாகுது

விடுற எடத்த நடுவா வெச்சு வட்டம் வட்டமா ட்ராப் வைக்கிறதுதான் வழக்கம். எல்லா வட்டத்துலயும் எட்டு எட்டுன்னு வைப்பாங்க, அழகா இருக்கும், ஆனா இதுலதான் வில்லங்கம். 20 மீட்டர் வட்டத்தோட சுத்தளவு 126 மீட்டர், எட்டு ட்ராப்னா பதினாறு மீட்டருக்கு ஒண்ணு. 160 மீட்டர் வட்டத்தோட சுத்தளவு ஆயிரம் மீட்டர், அதே எட்டுன்னா 126 மீட்டருக்கு ஒண்ணு. தூரம் போற பூச்சிக்கு தப்பிக்க அவ்ளோ சந்து. பூச்சி கெடைக்கலன்னா போகலன்னு அர்த்தம் இல்ல, நாம பாக்கலன்னு அர்த்தம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. 20, 40, 80, 160 மீட்டர்ல வட்டம், ஒவ்வொண்ணுலயும் 8 ட்ராப், கெடச்சது வரிசையா 40, 12, 5, 2. அப்படியே சராசரி எடுத்தா (40×20 + 12×40 + 5×80 + 2×160) ÷ 59, கிட்டத்தட்ட 34 மீட்டர். இப்ப ஒவ்வொரு வட்டமும் எவ்ளோ பரப்புக்கு பதில் சொல்லுதுன்னு பாப்போம். முதல் வட்டம் நடுவுல இருந்து 30 மீட்டர் வரைக்கும், ரெண்டாவது 30ல இருந்து 60, மூணாவது 60ல இருந்து 120, நாலாவது 120ல இருந்து 200ன்னு பிரிச்சா, பரப்பு விகிதம் 1 : 3 : 12 : 28.4. கெடச்ச எண்ணிக்கைய இதால பெருக்குங்க, 40, 36, 60, சுமார் 57. இப்ப சராசரி எடுத்தா 84 மீட்டர் வரும். அதே ட்ராப், அதே பூச்சி, 34 எங்க 84 எங்க. கடைசி வட்டத்துல கெடச்ச அந்த ரெண்டே ரெண்டு பூச்சி 57 பூச்சிக்கு சமம், அதனால அந்த ரெண்டும் நிஜமாவே மார்க் போட்டதுதானான்னு நாலு தடவை பாருங்க, ஒண்ணு தப்புன்னாலும் மொத்தக் கணக்கும் ஆடிடும். முடிஞ்சா வெளி வட்டத்துல ட்ராப் எண்ணிக்கைய கூட்டுங்க, எண்ணிக்கை மாறினா பெருக்குறதுக்கு முன்னாடி ஒரு ட்ராப்புக்கு எத்தனன்னு வகுத்துக்கணும்.

இனக்கவர்ச்சிப் பொறி வெச்சா நெறைய கெடைக்கும், சந்தோஷமா இருக்கும், ஆனா அது ஆண் பூச்சிய மட்டும்தான் இழுக்கும், இழுக்குறதுன்னாலே நீங்க அதோட பயணத்த மாத்துறீங்க. உள்வட்டத்துல பலமான பொறி வெச்சா எல்லாத்தையும் அதுவே தின்னுடும், வெளிய போக ஆளே இருக்காது. குட்டிப் பூச்சிக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை பரவால்ல, அதுவும் கவருது, ஆனா கிட்ட இருக்குறத மட்டும்தான். பறக்குற உயரம் தெரியலன்னா ஒரே கம்புல ரெண்டு மூணு உயரத்துல அட்டை கட்டுங்க. அப்புறம் வந்த பூச்சி அத்தனையையும் எண்ணுங்க, மார்க் இல்லாததையும், ஒண்ணுமே வராத ட்ராப்பையும். பூஜ்யமும் டேட்டாதான்.

கிலோமீட்டர் கணக்குல போற பூச்சிக்கு இந்த வட்டம் எல்லாம் உதவாது. 1960களோட ஆரம்பத்துல சீனாவுல படைப்புழு அந்துப்பூச்சிக்கு பெரிய எண்ணிக்கைல மார்க் போட்டு விட்டு நாடு பூரா தேடுனாங்க, திரும்பக் கெடச்சது விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆனா அதுல சிலது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போயிருந்துச்சு. 1967ல ஜப்பானுக்கு தெற்க நடுக்கடல்ல நின்ன ஒரு வானிலைக் கப்பல் மேல புகையான் கூட்டமா வந்து உக்காந்துச்சு, கரை சுமார் 500 கிலோமீட்டர். அதுக்கு யாரும் மார்க் போடல, கடலே மார்க்கா போச்சு.

பாத்து எண்ணுறதும் நான் பட்டதும்

முதல் தடவை நாங்க வெள்ளை ஈ விட்டப்போ ஒரு மணி நேரத்துல 200 மீட்டர் தாண்டி, அதுவும் எதிர்க்காத்துல, பிங்க் ஈ கெடச்சுது. துள்ளிக் குதிச்சோம். ராத்திரி அந்த மஞ்சள் அட்டைய யூவில லென்ஸ் வெச்சு நெதானமா பாத்தா ஈமேல மட்டும் இல்ல, ஈ இல்லாத பசைமேலயும் பிங்க் புள்ளி, அட்டையோட மூலைல ஒரு பிங்க் கட்டைவிரல் ரேகை. என் கட்டைவிரல். காலைல பவுடர் போட்டதும் நான், அட்டை கட்டப் போனதும் நான், சோப்பு போட்டு கழுவுனேன்தான், ஆனா சட்டைக் கை மடிப்புல இருந்திருக்கு. அன்னைக்கு டேட்டா மொத்தமும் குப்பை.

அதுல இருந்து மார்க் போடுற ஆளு வேற, ட்ராப் தொடுற ஆளு வேற, வண்டி கூட முடிஞ்சா வேற. பவுடர் டப்பாவும் அட்டைக் கட்டும் ஒரே பைல போகவே கூடாது. விடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எல்லா ட்ராப்பும் வெச்சு எடுத்து யூவில பாத்துடுவோம், அப்பவே எத்தன "மார்க்" தெரியுதோ அதுதான் அந்த வயலோட பொய்க் கணக்கு. அட்டைக்குப் பின்னாடி கோட் நம்பர் மட்டும்தான் இருக்கும், எண்ணுறவருக்கு அது எந்த வட்டம்னு தெரியாது, தெரிஞ்சா கிட்ட இருக்குற அட்டையில கண்ணு தானா தேடிக் கண்டுபிடிக்கும், தூரத்துல இருக்குறதுல அலுத்துடும். ஒரு பொட்டு மட்டும் இருந்தா மார்க்னு எடுக்குறதில்ல, ஒடம்போட ரெண்டு எடத்துலயாவது இருக்கணும்னு நாங்களே ஒரு ரூல் வெச்சுக்கிட்டோம், கூண்டு டெஸ்ட்ல மார்க் போடாம ஒட்டிக்கிட்டதுல பெரும்பாலும் ஒரே பொட்டுதான் இருந்துச்சு, அதனால.

அனுமதி

இது பயிர் திங்கிற பூச்சி, பட்டாம்பூச்சி இல்ல. விடுற எடத்துலயே புடிச்சத மட்டும் விடுங்க, வேற பகுதில இருந்து கொண்டு வந்து விடவே கூடாது, மருந்துக்கு அசையாத ரகத்த நீங்களே பரப்பி விட்டுடுவீங்க, கூடவே வைரஸையும். வயல்காரங்க, சுத்தி இருக்குறவங்க, பயிர் பாதுகாப்பு அதிகாரிங்க எல்லார்கிட்டயும் முன்னாடியே பேசி எழுத்துல வாங்கிடுங்க. ஆண மட்டும் விட்டு கேள்விக்கு பதில் கெடைக்கும்னா ஆணையே விடுங்க. அந்த நாட்கள்ல யாராவது மருந்தடிச்சா உங்க ரீகேப்சர் (திரும்பக் கெடைக்கிற எண்ணிக்கை) திடீர்னு விழும், அதனால சுத்துவட்டாரத்துல யார் எப்ப என்ன அடிக்கிறாங்கன்னும் கேட்டு எழுதி வைங்க.

ட்ராப்ப முதல் மூணு நாள் தினமும் மாத்துங்க, அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருதரம், மார்க் போட்டது தொடர்ந்து ரெண்டு தடவை ஒண்ணுமே வரலன்னா எடுத்துடலாம். எடுத்த அட்டைமேல ட்ரான்ஸ்பேரன்ட் ஷீட் ஒட்டி ஃப்ரீசர்லயே வெச்சிருங்க, வெயில்ல கெடந்தா ஃப்ளோரசன்ட் மங்கிடும். ஷீட் வாங்கும்போது கடையிலயே யூவி அடிச்சுப் பாத்து வாங்குங்க, சிலது தானே நீலமா மின்னும்.